தீவில் அடைத்த உடைப்பு

மூங்கில் பாலத்தைத் தாண்டி மணலில் இறங்கியபோது வெயில் ஏறியிருந்தது. அப்பா முன்னால் போய்க்கொண்டிருந்தார். அம்மா துணிப்பையை இடுப்பில் இடுக்கியிருந்தாள். என் டவுசர் பையில் விடுதியில் கொடுத்த குட்டிச் சோப்பு இரண்டு. நான் ஓடிப்போய் அப்பாவைப் பிடித்தேன்.

“பச்சைச் சட்டை எப்பப்பா குடுப்பாங்க?”

“கூப்புடுவாங்க.”

“நாளைக்கா?”

“வாய மூடிக்கிட்டு நட” என்றாள் அம்மா. பிறகு அப்பாவின் முதுகைப் பார்த்து, “அந்தத் தோட்டக்காரரு கண்ணக் காட்டுனாருல்ல, இவனுக்குப் புரிஞ்சாத்தானே” என்றாள்.

“உடு. புள்ள பொய்யா சொன்னிச்சு?”

நாங்கள் விட்டுவந்தது ஒரு தீவு. திருக்காட்டுப்பள்ளிக்குக் கொஞ்சம் தள்ளி, ஆறு இரண்டாகப் பிரிந்து சேரும் இடத்தில் இருக்கும் திட்டு. அதில் நாலு மா நிலத்தை அப்பா குத்தகைக்கு உழுதுகொண்டிருந்தார். நிலத்துக்காரர் வெளிநாட்டில் இருந்தபடியே விற்றுவிட்டார். வாங்கியவர்கள் சொகுசு விடுதி கட்டினார்கள். வளர்ந்த தென்னைகளை லாரியில் கொண்டுவந்து நட்டார்கள். காலுக்கடியில் ஆற்று மணல் கிடக்க, கடற்கரை மாதிரி இருக்கட்டும் என்று எங்கிருந்தோ வெள்ளை மணலை வரவழைத்துக் கொட்டினார்கள். கூரையில் வேய்ந்திருந்தது பிளாஸ்டிக் ஓலை.

திறப்பதற்கு முந்தின வாரம், பழைய குத்தகைக்காரர்களை இரண்டு நாள் விருந்தாளியாக வந்து தங்கச் சொன்னார்கள். மற்றவர்கள் கூச்சப்பட்டு வரவில்லை. அப்பா போனது வேலைக்காக. தோட்டத்தையும் தண்ணீரையும் பார்த்துக்கொள்ள இன்னும் ஓர் ஆள் வேண்டும், கிளம்பும்போது பேசி முடித்துவிடலாம் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். வேலை கிடைத்தால் பச்சைச் சட்டை, மாதச் சம்பளம். உழுத மண்ணிலேயே நிற்கலாம்.

எங்களுக்குக் கொடுத்த குடில் எங்கள் நாற்றங்கால் இருந்த இடத்தில் நின்றது. அப்பா அதைச் சொல்லவில்லை, அம்மாதான் சொன்னாள். கட்டிலின் மேல் துண்டை அன்னம் மாதிரி மடித்து வைத்திருந்தார்கள். அதைக் கலைக்க அம்மாவுக்குத் துணிவு வரவில்லை. முந்தானையிலேயே தலை துவட்டினாள். அன்னத்துக்கு இடம் விட்டு மூவரும் ஒதுங்கிப் படுத்தோம். சாப்பாட்டில் அன்னாசிப்பழத்தைக் குடைந்து அதற்குள் சோறு வைத்துக் கொடுத்தார்கள். அப்பா சோற்றைத் தின்றுவிட்டு, கூட்டை என்ன செய்வதென்று தெரியாமல் வெகுநேரம் கையில் பிடித்திருந்தார்.

இரண்டாம் நாள் விடியும்போது அப்பாவோடு நானும் வெளியே போனேன். ஆற்றைப் பார்த்தபடி நீச்சல் குளம். அதன் ஒரு பக்கத்தில் கரையே இல்லாத மாதிரி, தண்ணீர் விளிம்பைத் தாண்டி வழிந்துகொண்டிருந்தது.

“விடிய விடிய வழிஞ்சிருக்கும்டா. ஒரு பய பாக்கல” என்றார் அப்பா.

அந்த வருஷம் ஆற்றில் முறை வைத்துத்தான் தண்ணீர் விட்டார்கள். வழிகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க அப்பாவுக்குத் தெரியாது. தோட்டத்துக் கொட்டகையிலிருந்து மண்வெட்டியை எடுத்துவந்தார். பூப்பாத்தியில் களிமண்ணை வெட்டி விளிம்பு நெடுக வைத்து, புல்லோடு பெயர்த்த கட்டிகளை மேலே கவிழ்த்துக் குதிகாலால் மிதித்தார். நான் மண்ணை அள்ளி அள்ளிக் கொடுத்தேன். வழிவது நின்றது. வேலையில் சேரும் முன்பே வேலையைக் காட்டிவிட்டார் என்று எனக்குப் பெருமை.

தோட்டக்காரர் வந்து பார்த்துத் தலையில் கை வைத்தார்.

“ஐயோ அண்ணே, இது வழியறதுக்குன்னே கட்டுனதுண்ணே!”

அப்பாவின் முகம் எப்படியோ ஆகிவிட்டது. இரண்டு பேரும் அவசரமாக மண்ணை வாரத் தொடங்கினார்கள். அதற்குள் மேனேஜர் வந்துவிட்டார். குளம் கலங்கிக் கிடந்தது.

“யாருங்க இது பண்ணுனது?”

தோட்டக்காரர் என்னைப் பார்த்து ஒரு கண்ணை மூடித் திறந்தார். “சின்னப் புள்ள சார், தெரியாம வெளையாடிருச்சு. இப்பக் கழுவிடறோம்.”

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. மேனேஜர் சிரித்தபடி என் தலையைத் தடவக் கையை நீட்டினார். நான் விலகிக்கொண்டேன்.

“நான் இல்ல. ஒடப்பு எடுத்துருச்சு, எங்கப்பாதான் அடைச்சாரு. நான் மண்ணு மட்டுந்தான் அள்ளிக் குடுத்தேன்.”

மேனேஜர் கோபப்படவில்லை. அப்பாவின் காலில் ஒட்டியிருந்த சேற்றைப் பார்த்தார். செல்போனில் குளத்தைப் படம் எடுத்துக்கொண்டார்.

“பரவால்லண்ணே, விடுங்க. டிபன் சாப்ட்டுட்டுக் கிளம்புங்க. வேலை விஷயம் நானே கூப்புட்டுச் சொல்றேன்.”

அதைக் கேட்டுத்தான் வழியெல்லாம் சட்டையைப் பற்றி நச்சரித்துக்கொண்டு வந்தேன்.

எட்டாவதோடு படிப்பை விட்ட பிறகு எத்தனையோ ஊரில் எத்தனையோ வேலை பார்த்துவிட்டேன். கோவா பக்கம் ஒரு விடுதியில் அதே மாதிரிக் குளத்தை ஒரு சீசன் முழுக்கக் கழுவினேன். வழிகிற தண்ணீர் கீழே ஒரு தொட்டியில் விழுந்து, மோட்டார் வழியாகத் திரும்பவும் மேலே வந்துவிடும். எதுவும் வீணாவதில்லை. ‘கூப்புட்டுச் சொல்றேன்’ என்பதையும் அதற்குள் பல வாசல்களில் கேட்டிருந்தேன். அப்பா அன்று ஏன் வாய் திறக்காமல் நின்றார் என்பது புரியத்தான் இன்னும் கொஞ்ச காலம் பிடித்தது.

அன்று மணலைத் தாண்டிக் கரை ஏறும் முன், ஓரமாக ஓடிய தண்ணீரில் அப்பா என்னை நிறுத்தி, காலில் காய்ந்திருந்த சேற்றைக் கழுவிவிட்டார். விரலிடுக்கெல்லாம் தேய்த்தார்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் தஞ்சாவூர் போனார். மாமா பல மாதமாகக் கூப்பிட்டும் வேண்டாம் என்றிருந்த அடுக்குமாடி வாட்ச்மேன் வேலையில் சேர்ந்தார். மோட்டாரைப் போட்டுவிட்டு, மாடித் தொட்டி நிரம்பி வழியும்வரை கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அதுதான் முதல் வேலை. சட்டை கொடுத்தார்கள், நீல நிறத்தில். பச்சை இல்லையே என்று எனக்கு அன்று முழுவதும் வருத்தம்.