எல்லோரும் படுத்தெழும்பிய அறை

மொன்ட்ரியாலின் வில்லரே பகுதியில், எங்கள் வீட்டுக்குக் கீழே உள்ள பேஸ்மென்ட் அறைக்குப் பின்னால், குனிந்தே நுழையவேண்டிய மண்தரைப் பொந்து ஒன்று இருக்கிறது. அதற்குள் என் கணவர் பழைய குளிர்க் கோட்டுகளை மூட்டை மூட்டையாக வைத்திருந்தார். நாட்டிலிருந்து வரும் சொந்தக்காரர்களை அவர் நேரே அந்த அறைக்குக் கூட்டிப்போவார். "இது உங்கடை அறை. வெக்கப்படாதேங்கோ" என்பார். அவர்கள் மூட்டையிலிருந்து ஒரு கோட்டைப் போட்டுக்கொண்டு வேலை தேடுவார்கள். சொந்தமாக வாங்கியதும், பழையதைத் தோய்த்து அடுத்தவருக்கு வைத்துவிட்டுப் போவார்கள்.

ஆட்கள் வருவது நின்று எத்தனையோ வருஷம். கோட்டுகளை எறியச் சொல்லி நான் கத்தாத நாளில்லை. "ஆரும் வந்தால்?" என்பார். அந்த மனுஷனோடு கதைத்து வெல்லமுடியாது.

மகள் பிள்ளைத்தாச்சியானதும், பேறு பார்க்க இங்கே வருவதாகச் சொன்னாள். ஆனால் முதலில் அந்த அறையில் ரேடன் அளக்கவேண்டுமாம். மண்ணிலிருந்து கசியும் வாயு. மணமில்லை, நிறமில்லை, வருஷக்கணக்காகச் சுவாசித்தால் நுரையீரலில் புற்றுநோய் வரலாம். பனி கொட்டும் மாரி முழுக்க அளந்தோம். அளவு கூடிப்போய் வந்தது.

அதைத் திருத்துகிற வேலைக்காகப் பார்க்க வந்தவர், பொந்தை வெறுமையாக்கி, மண்ணைத் தடித்த பிளாஸ்டிக்கால் மூடி, வாயுவை வெளியே இழுக்கக் குழாயும் காற்றாடியும் பூட்டினால்தான் குழந்தை அங்கே படுக்கலாம் என்றார். இதுவரை யார் படுத்தார்கள் என்றும் கேட்டார். கணவர் பெருமையாக விரல் மடக்கத் தொடங்கினார். ஐந்தாவது விரலில் முகம் கறுத்துப்போனது.

அன்று பின்னேரமே ஒவ்வொருவருக்கும் போன் எடுத்து, டாக்டரிடம் நெஞ்சைக் காட்டச் சொன்னார். அங்கே மூன்று மாரி தங்கியவர் அவருடைய தம்பி. அவரிடம் சொல்லும்போது குரல் உடைந்தது. "நல்ல அறையெண்டு நினைச்சுத்தானடா விட்டனான்."

"விசர்க்கதை கதையாதேங்கோ அண்ணை. அந்த அறை இல்லாட்டி நான் ஆரின்ரை வாசல்லை கிடந்திருப்பன்?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. சுடுதண்ணீரை முடிக்கிறார்கள் என்று அவர்கள் எல்லோரையும் திட்டியவள் நான். காலையில் குளியலறைக் கதவை மாறி மாறித் தட்டும் அந்தச் சத்தத்துக்கு இப்போது மனம் கிடந்து ஏங்குகிறது.

கோட்டுகள் மொன்ட்ரியால்-நோர் பகுதியில் புதிதாகக் குடியேறிய குடும்பங்களுக்குப் போயின. தம்பி மட்டும் தான் வந்த புதிதில் போட்டதைத் தேடியெடுத்து, பொத்தான் பூட்டமுடியாமல் திறந்தபடியே போட்டுக்கொண்டு போனார்.

வேலை முடிந்ததும் திரும்ப அளந்தோம், குறைந்திருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து பேத்தி வந்த அன்று, கணவர் அவளை ஏந்திக்கொண்டு மெதுவாகப் படியிறங்கினார். அறை வாசலில் நின்றார்.

"இது உங்கடை அறை. வெக்கப்படாதேங்கோ."