தாராவி டிவியில் ஊர்க் கொடை

மகளுக்கு வடாலாவில் நல்ல இடம் அமைந்தது. பிள்ளைகள் இருவருக்கும் பிடித்துப் போயிற்று. ஆனாலும் ஊரிலிருக்கும் எங்கள் குலதெய்வம் அம்மன் உத்தரவு தராமல் எங்கள் குடும்பத்தில் வெற்றிலை மாற்றுவதில்லை. வருடாவருடம் வரும் கோயில் கொடைத் திருவிழாவன்று சாமியாடியின் வாக்கில்தான் அது வரும். அந்த வருடம் தாராவியிலிருந்து ஊருக்குப் போக எங்களுக்கு ரயில் டிக்கெட் கிடைக்கவில்லை.

ஊருக்கு இன்னும் கேபிள் இணையம் வரவில்லை. அதனால் சிம் போடும் வைஃபை டப்பா ஒன்றை வாங்கி அனுப்பினேன். கோயிலுக்கு எதிரே தம்பியின் வீடு. மாடியில் மூங்கில் நட்டு, அதன் உச்சியில் டப்பாவைக் கட்டினான். போன வாரமே வீடியோ கால் போட்டுச் சோதித்தோம். கோயில் வாசலில் ஒரு ஆடு படுத்து அசைபோட்டுக் கொண்டிருந்தது. அதன் தாடி மயிர்கூட எங்கள் டிவியில் தெரிந்தது.

"பாத்தியளா அண்ணே, கண்ணாடி கணக்கா இருக்கு" என்றான் தம்பி.

கொடை மதியம் மாப்பிள்ளை வீட்டாரையும் அழைத்தேன். டிவிக்குப் பொட்டு வைத்து, தேங்காய் பழம் படைத்து உட்கார்ந்தோம். மேளம் ஏறியது. சாமியாடிக்கு அருள் வந்தது. அதன்பின் அவர் அம்மன்தான்.

"தாயே, பம்பாய்ல இருக்க உன் பிள்ளைக்கு ஒரு வாக்குச் சொல்லு" என்று தம்பி கேட்டான்.

அம்மன் திருநீற்றுக் கையை ஓங்கினாள். படம் அப்படியே நின்றுவிட்டது.

என் மனைவி கன்னத்தில் போட்டுக்கொண்டே இருந்தாள். கை இறங்குகிற வழியாக இல்லை.

"அரே, திருநீறு தாராளா, அடிக்க வாராளா?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாங்கள் சோதித்தது ஆளில்லாத ஊரில். இன்று சென்னையும் திருப்பூரும் பம்பாயும் அங்கே வந்து இறங்கி, ஆளுக்கொரு போனில் படம் அனுப்புகின்றன. இருப்பது ஒரே டவர். பாவம், அது என்ன செய்யும்?

படம் நின்றாலும் சத்தம் விட்டுவிட்டு வந்தது. அம்மனுக்குக் கோபம்.

"எம் முன்னால நின்னுக்கிட்டு என்னையப் பாக்காம போனையாலே பாக்கிய? எல்லாத்தையும் அணைங்கலே!"

ஊரே பயந்து அணைத்திருக்க வேண்டும். படம் உயிர் பெற்றது. கை இறங்கியது. அம்மன் வாய் திறந்தாள். "இப்பம் நல்லா வருது!" என்று நான் துள்ளினேன். டிவி கறுத்துப் போயிற்று.

தம்பியைக் கூப்பிட்டேன். சுவிட்ச் ஆஃப்.

"உங்க தம்பியுமா அணைச்சிட்டாவ?" என்று மாப்பிள்ளையின் அம்மா தலையில் கை வைத்தார்.

"அம்மன் சொல்லிட்டாள்லா, எப்படி அணைக்காம இருப்பான்?" என்றேன். என் தம்பி என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான். மகள்தான் என்னை முறைத்தாள்.

பூஜை முடிந்து அவனே கூப்பிட்டான்.

"அண்ணே, ஆத்தா இந்தச் சம்பந்தத்த முடிக்கச் சொல்லிட்டா. ஆனா ஒண்ணு. கல்யாணம் முடிஞ்சதும் ரெண்டு பேரையும் நேர்ல கூட்டிட்டு வரணுமாம். போன்ல காட்டுனா பாக்க மாட்டாளாம்."