பச்சை பெயிண்ட் அடித்த ஏலக்காய் மெஷின்

போடிக்கு வந்த மீட்டர்கேஜ் ரயிலை நிறுத்தினார்களே, அந்த வருசம். கடைசி வண்டி போய் ஒரு மாசம் இருக்கும். என் கையெல்லாம் பச்சை பெயிண்ட் வாசம்...

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்ல, மருமகள் போனில் எழுதுகிறாள்.

அப்போது போடிமெட்டுக்கு மேலே ஒரு எஸ்டேட்டில், ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் எனக்கு வேலை. உலர்ந்த காயைச் சூடு ஆறுவதற்குள் கம்பிவலையில் போட்டு உள்ளங்கையால் தேய்க்க வேண்டும். அப்போதுதான் காம்பு உதிரும். தேய்ப்பதெல்லாம் பெண்கள்தான். சிலமலை பேச்சியம்மாளுக்குக் கை முழுக்கக் கொப்புளம். சோற்றைப் பிசைய முடியாது, கரண்டியால்தான் சாப்பிடுவாள்.

அதைப் பார்த்துத்தான் வெல்டிங் பட்டறை காசிம் பாய் ஒரு மெஷின் செய்தார். உள்ளே வலை வைத்த டிரம்மு, சுற்ற ஒரு கைப்பிடி. ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் காய் சுத்தமாகிவிடும்.

எந்தப் புது மெஷின் விற்கும் என்று பார்த்துச் சொல்ல ஒரு நிபுணர் குழு வந்தது. அவர்கள் சரி என்றால் பாய்க்குப் பண உதவி கிடைக்கும், ஸ்டோருக்கு ஒன்று செய்து கொடுக்கலாம். குழு மலை ஏறவில்லை. மெஷினைப் போடியில் கல்யாண மண்டபத்துக்குக் கொண்டுவரச் சொன்னார்கள்.

அதற்கு முந்தின நாள் பாய் என்னிடம் பெயிண்ட் டப்பாவை நீட்டினார்.

“மாப்ளே, பொண்ணு பாக்க வர்றாக. மூஞ்சி கழுவாம நிறுத்துனா நல்லாவா இருக்கும்?”

டிரம்முக்கு உள்ளேயும் அடித்தேன்... எந்த வாசத்தையும் இழுத்துக்கொள்ளும் என்று ஏலக்காய் பக்கத்தில் ஒரு பீடி பற்றவைத்தாலே சத்தம் போடுகிறவன் நான். வருகிறவர்கள் பெரியவர்கள் என்ற மரியாதையில் அறிவு போய்விட்டது.

மண்டபத்து அடுப்பில் காயைச் சூடாக்கிப் போட்டோம். காம்பு அத்தனையும் உதிர்ந்தது. அதை ஒருத்தரும் பார்க்கவில்லை. ஒருத்தர் காயை மோந்து பார்த்து முகம் சுளித்தார். பெயிண்டைச் சுரண்டிவிட்டு ஒரு வாரத்தில் திரும்பக் காட்டுகிறேன் என்று பாய் கெஞ்சினார். நேரமில்லையாம். தேய்க்க ஆள் கிடைக்கும்போது மெஷினை யார் வாங்குவார் என்று கேட்டார் இன்னொருத்தர்.

கூட வந்திருந்த பேச்சியம்மாள் ரெண்டு கையையும் விரித்து நீட்டினாள்.

“அய்யா, காயை மோந்து பாத்தீக. இதையும் ஒரு தடவ பாருங்க.”

மோந்து பார்த்தவர் பேனாவை மூடிவிட்டு, “அடுத்தது யாருப்பா?” என்றார்.

வணிக வாய்ப்பு இல்லை என்று கடிதம் வந்தது. யாரோ படித்துக் காட்டிய அந்த மூன்று வார்த்தை எனக்கு இன்னும் மனப்பாடம். பாய் மெஷினைப் பழைய இரும்புக்குப் போட்டார்.

இன்றைக்குப் போய்ப் பாருங்கள், எந்த ஸ்டோரிலும் அதே டிரம்மு, அதே வலை. கைப்பிடிக்குப் பதில் மோட்டார், அவ்வளவுதான். எங்கிருந்தோ செய்து ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வருகிறார்கள். விற்காது என்றவர்கள் யாராவது வந்து எண்ணிப் பார்த்தார்களா?

நின்ற ரயில்கூடத் திரும்பி வந்துவிட்டது. பாய் அதைப் பார்க்கவில்லை. அன்று அந்த மெஷினோடு மண்டபத்துக்குப் போனவர்களில் என்னைத் தவிர இன்னும் உயிரோடு இருப்பது ஒரே ஆள். அந்தக் கை ஆறவே இல்லை, இப்போதும் கரண்டியால்தான் சாப்பிடுகிறாள், சிலமலை பேச்சியம்மாள்.