எதிர் மாடிக்குத் தலையாட்டிய பதினைந்து நாள்

புதுக் கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்துவிடுவது என்று இரண்டாம் நாளே முடிவு செய்துவிட்டேன். படி இறங்கினால் படி மிதந்தது. பஸ் ஏறினால் ஃபுட்போர்டு எங்கேயோ இருந்தது. தூரத்துக்கும் படிக்கவும் ஒரே கண்ணாடி, புரோக்ரெசிவ் என்று மயிலாப்பூர் கடைக்காரர் தலையில் கட்டியது.

"கண்ண உருட்டாதீங்க மேடம், முகத்தத் திருப்பிப் பாருங்க. பதினஞ்சு நாள் பாத்துட்டுப் பழகலன்னா கொண்டாங்க, பழையபடி ரெண்டா போட்டுத் தர்றேன்" என்றார்.

ரிட்டையராகி அடையாற்றில் இந்த ஃபிளாட்டுக்கு வந்து நான்கு வருஷம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, தனி ஆள். சில நாட்களில் காய்கறி வண்டிக்காரரிடம் பேசுவதோடு என் பேச்சு முடிந்துவிடும். இந்த ஊரில் எதிர்வீட்டுக்காரர்கூட முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று போனில் பழைய ஆபீஸ் சிநேகிதிகளிடம் புலம்புவேன்.

காலையில் பால்கனியில் பேப்பர் படிப்பது வழக்கம். புதுக் கண்ணாடியில் எழுத்து தெரிய மோவாயைத் தூக்க வேண்டும், தெருவைப் பார்க்க இறக்க வேண்டும். மூன்றாம் நாள் இப்படி ஆட்டிக்கொண்டிருந்தபோது, எதிர் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த பெண்மணி பதிலுக்குத் தலையாட்டினார். என் வயதுதான் இருக்கும். வணக்கம் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. எனக்குச் சிரிப்பு வந்தது. மறுநாள் வேண்டுமென்றே ஆட்டினேன். அவர் கையையும் தூக்கிக் காட்டினார்.

அதற்கப்புறம் ஆறு மணிக்கே எழுந்து தலைவாரிக்கொண்டு பால்கனிக்குப் போக ஆரம்பித்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது சொல்ல. தினமும் ஒருவர் என்னைப் பார்த்துத் தலையாட்டுவது எனக்கு அவ்வளவு வேண்டியிருந்தது. கண்ணாடியைத் திருப்பிக் கொடுக்கும் பேச்சை நானே மறந்துவிட்டேன்.

பன்னிரண்டாம் நாள் காய்கறி வண்டியருகே அவரே பக்கத்தில் வந்து நின்றார்.

"இன்னாக்கா, இப்பதான் நான் கண்ணுக்குத் தெரியறனா? நாலு வருஷமா நான் தலையாட்டிக்கினுதான் கீறேன். நேரா என்னையே பாப்பீங்க, ஒண்ணும் ஆட்ட மாட்டீங்க. பெரிய ஆபீசரம்மா, நம்மகிட்ட எங்க பேசப்போறாங்கன்னு வுட்டுட்டேன்."

நான்கு வருஷமும் பால்கனியில் நான் போட்டுக்கொண்டிருந்தது படிக்கிற கண்ணாடி. தூரத்துக் கண்ணாடி உள்ளே டிவி மேல் கிடக்கும். அதை எடுத்துவரச் சோம்பல். பேப்பரிலிருந்து நிமிர்ந்தால் எதிர் மாடியில் ஏதோ கலங்கலாக அசையும். துணி என்று நினைத்திருந்தேன்.

"கண்ணு தெரியலம்மா. சத்தியமா தெரியல" என்றேன்.

"அட, அவ்ளோதானா! ஒரு குரல் குடுத்திருப்பேனே" என்று சிரித்தார். பிறகு கத்தரிக்காயைப் பொறுக்கிக்கொண்டே சொன்னார்: "ஓனர் வீட்ட இடிச்சு ஃபிளாட் கட்டப்போறாரு. ஞாயித்துக்கெழம காலி பண்றோம். மாதவரத்துல பொண்ணு வூட்டுக்குப் போறேன்."

அதற்குள் மூன்று காலைகள்தான் இருந்தன. மூன்று நாளும் கை வலிக்க ஆட்டினேன்.

கடைக்காரர் சொன்ன கெடு தாண்டிவிட்டது. கண்ணாடி நன்றாகப் பழகிவிட்டது, படி மிதப்பதில்லை. பேப்பரிலிருந்து நிமிர்ந்தால் எதிர் மாடிக் கொடியில் அவர் விட்டுப்போன இரண்டு கிளிப்புகள் தெரிகின்றன. ஒன்று பச்சை, ஒன்று சிவப்பு. இவ்வளவு துல்லியமாகத் தெரிவது எரிச்சலாக இருக்கிறது.