நாயின் முன்னங்காலில் இல்லாத தசை

மயங்கிக் கிடக்கிற நாயின் காலை ஒரு கையிலும் இங்கிலீஷ் புத்தகத்தை இன்னொரு கையிலும் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறீர்களா? எழுபதுகளில் காஞ்சிபுரத்து மாட்டாஸ்பத்திரி ஒன்றில் எனக்கு அதுதான் உத்தியோகம். பேர் என்னவோ அட்டெண்டர். கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு, பால் கட்டின வலியோடு ஓடுவேன். வேலைக்குப் போகிற தாய்மார்களே, உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்!

படம் காட்டுகிற வேலை

எங்கள் டாக்டருக்கு மாடு பழக்கம், நாய் புதுசு. நாய் வந்தால் புத்தகத்தை விரித்து என்னிடம் கொடுத்துவிடுவார். ரத்தக் கையோடு அவர் பக்கம் புரட்ட முடியாதே! எட்டாவது படித்த எனக்கு அந்த எழுத்து ஓடாது, படமெல்லாம் மனப்பாடம். முன்னங்கால் படத்தில், முழங்கைக்குக் கீழே, மேலாக ஒரு மெல்லிய தசை நாடா மாதிரி ஓடும். அதைப் பிடித்துவிட்டால் பக்கத்திலிருக்கிற நரம்பைத் தொடாமல் தப்பித்துவிடலாம் என்பார் டாக்டர்.

கம்பவுண்டர் ஏழுமலைக்கு என்னைப் பார்த்தால் வயிற்றெரிச்சல். "நாங்க ரத்தத்துல முழுகினு கீறோம், நீ பொம்ம பாத்துக்கினு நிக்கிற. இதுக்கு சம்பளம் வேற!"

கூரத்து ராசு

பக்கத்துக் கிராமமான கூரத்திலிருந்து முனியம்மா தன் நாய் ராசுவைக் கோணியில் சுற்றித் தோளில் தூக்கி வந்தாள். முள்வேலி கிழித்து முன்னங்கால் தொங்கியது. அவளுக்குப் பிழைப்பே ஆடுதான். ராசு காவல் இல்லாவிட்டால் குட்டிகளை நரி விடாது.

டாக்டர் நாடாத் தசையைத் தேடினார், தேடினார், கிடைக்கவில்லை. "படத்தைக் கிட்ட காட்டும்மா" என்றார். மூக்குக்கு நேரே காட்டினேன். வெள்ளையாக, நூல் மாதிரி ஏதோ தெரிந்தது. தசைதான் நைந்துபோய் இப்படி ஆகிவிட்டது என்று அதை வெட்டி எடுத்துத் தையல் போட்டார்.

புண் நன்றாக ஆறியது. ஆனால் பாதம் மடிந்துபோய், ராசு புறங்காலைத் தரையில் இழுத்து நடந்தது. முனியம்மா சொன்னாள்: "தழும்பு அழகா ஆறிப்போச்சு சாரு. காலுதான் இல்ல."

கொட்டகைக்குப் பின்னால்

அதற்குப் பிறகு டாக்டர் சரியாகச் சாப்பிடவில்லை. லாரியில் அடிபட்டுச் செத்த நாய்களைக் கொண்டுவரச் சொல்லி, கொட்டகைக்குப் பின்னால் முன்னங்கால்களைத் திறந்து பார்த்தார். அங்கேயும் நான்தான் புத்தகம் பிடித்தேன். ஒரு நாய்க்கு அந்தத் தசை இருந்தது. அடுத்ததற்கு வலது காலில் இருந்தது, இடது காலில் இல்லை. மூன்றாவதற்கு இரண்டிலுமே இல்லை. டாக்டர் கத்தியைக் கீழே வைத்தார். "ராசுவுக்குப் பிறவியிலேயே அது இல்லைம்மா. நான் வெட்டினது நரம்பை."

ஏழுமலை தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. அவர்கூட அன்றைக்கு என்னைக் கேலி செய்யவில்லை. "ஒரே தறியில ஏறின ரெண்டு பொடவையே ஒண்ணா இருக்காது சார். இது நாயி."

முனியம்மாவிடம் சொன்னது

இழுபட்டு இழுபட்டு ராசுவின் பாதத்தில் எலும்பு தெரிந்தது. காலையே எடுக்க வேண்டும். தப்பு தன்மேல்தான் என்று டாக்டரே முனியம்மாவிடம் சொன்னார். அவளுக்குப் பிடிபடவில்லை. நான் படத்தைக் காட்டி, இந்தத் தசை இருக்கும் என்று நம்பித்தான் இப்படி ஆகிவிட்டது என்றேன். வெகுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "இது யாரு வூட்டு நாயிமா?"

மிச்சம் மூன்று

காலை எடுத்தாயிற்று. அதற்குள் நரி இரண்டு குட்டிகளைக் கொண்டுபோயிருந்தது. மயக்கம் தெளிந்து ராசு தள்ளாடி எழுந்தபோது, டாக்டர் பக்கத்தில் குந்தி, அதன் இன்னொரு முன்னங்காலை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். இதிலாவது அந்தத் தசை இருக்கிறதா என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

கால் ஒன்று போய், குட்டி இரண்டு போய், எங்களுக்கு மட்டும் அறிவு வந்திருந்தது. முனியம்மா நாயை வாரி மடியில் போட்டுக்கொண்டு என் கையைப் பிடித்தாள்.

"மீதி மூணு கால தொறந்து பாக்க வேணாம்னு சாருகிட்ட நீயே சொல்லும்மா."