மொட்டை வண்டி புறப்பட்ட காலை

வாங்க வந்தவரிடம் நான் வைத்த நிபந்தனை ஒன்றுதான். வண்டி தன் இன்ஜினில் ஓடித்தான் எங்கள் தெருவை விட்டுப் போக வேண்டும். கயிறு கட்டி இழுத்துப் போகக் கூடாது.

அவர் கோயம்புத்தூர்க்காரர். பழைய கார்களை வாங்கிப் புதுப்பிப்பவர். போனில் இதைக் கேட்டதும் சிரித்தார். "உங்க ஆசைங்க. மெயின் ரோட்டுல லாரிய நிறுத்திக்கறேன். அதுவரைக்கும் நீங்களே ஓட்டிட்டு வந்துருங்க."

எங்கள் எம். புதுப்பட்டியில் அதற்கு மொட்டை வண்டி என்று பெயர். துணிக் கூரையைப் பின்னால் மடித்துவிட்டால் தலைக்கு மேலே வானம்தான். பருத்தி நன்றாக விளைந்த ஒரு வருஷம் அப்பா அதை மலைத்தோட்ட முதலாளி ஒருவரிடமிருந்து வாங்கினார். மாலையில் எங்களை ஏற்றிக்கொண்டு ஆனைக்குட்டம் அணைவரை போவார். காற்றுக்குப் பயந்து அம்மா முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

அப்பாவுக்குப் பிறகு ஞாயிறுதோறும் அதைத் துடைத்து உறை போட்டு வைத்தது நான். சிவகாசி அச்சகத்தில் காலண்டர்களுக்குப் பிழை பார்ப்பது என் வேலை. ஒரு கிழமை இடம் மாறியிருந்தாலும் கண்ணில் பட்டுவிடும். ஆனால் நான் பளபளவென்று துடைத்த தகட்டுக்கு அடியில் துரு தின்றுகொண்டே போனதைப் பார்க்கவில்லை. கூரைத் துணி மடிப்புகளில் இற்றுப்போனது. ஓட்டுபவர் கால் வைக்கும் இடத்தில் உள்ளங்கை நுழையும் அளவுக்கு ஓட்டை. வண்டி பிழைக்க வேண்டுமென்றால் கைமாற்றிவிடத்தான் வேண்டும்.

புறப்படும் நேரத்தையும் நானே குறித்தேன். பட்டாசுக் கம்பெனி வேன்கள் ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டால் தெரு காலியாக இருக்கும், வண்டியைத் திருப்புவது எளிது என்று கணக்குப் போட்டேன். கூரையை மடித்தேன். இருக்கைகளைத் துடைத்தேன். சலவைச் சட்டை போட்டுக்கொண்டேன்.

"நம்ம பொண்ணைக் கட்டிக்கொடுத்தப்பக்கூட நீங்க இம்புட்டு ஏற்பாடு பண்ணலை" என்றாள் மனைவி.

விருதுநகரிலிருந்து வந்திருந்த மெக்கானிக் கார்புரேட்டரைத் தட்டிவிட்டு, "இப்பப் போடுங்க அண்ணாச்சி" என்றார். சாவியைத் திருப்பினேன். இருமியது. மறுபடி திருப்பினேன். உடம்பெல்லாம் உதறி இன்ஜின் ஓடத் தொடங்கியது. மெதுவாக வாசலைத் தாண்டி வண்டியைத் தெருவில் இறக்கினேன்.

அப்போதுதான் வெடித்தது. சைலென்சருக்குள் தேங்கியிருந்த பெட்ரோல் ஒரே சத்தமாக வெடித்து, இன்ஜின் நின்றுபோனது. சுவர்களில் பட்டு அந்தச் சத்தம் திரும்பி வந்தது. வேப்பமரத்துக் காக்கைகள் மொத்தமாக எழும்பின.

கதவுகள் திறந்தன. தெரு காலி என்று நான் நினைத்திருந்தேனே, அதில் அத்தனை பேர் இருந்தார்கள். மாவுக் கையோடும், இடுப்பில் பிள்ளையோடும், பாதி பின்னிய தலையோடும் ஓடி வந்தார்கள். ஒருவர்கூட வண்டியைப் பார்க்கவில்லை. எல்லோருடைய முகமும் மேற்கே, கம்பெனிகள் இருக்கும் பக்கம், வானத்தில் புகையைத் தேடியது.

என் மனைவி படியில் நின்று கேட்டாள்: "எந்தப் பக்கம்?"

என் கை சாவியில்தான் இருந்தது. சத்தம் என் முதுகுக்குப் பின்னால்தான் கேட்டது. அப்படியும் நான் மேற்கே பார்த்துக்கொண்டிருந்தேன்.

லாரியை மெயின் ரோட்டில் விட்டுவிட்டு நடந்து வந்திருந்த கோயம்புத்தூர்க்காரர் மட்டும் குனிந்து சைலென்சரைப் பார்த்தார். "ஏனுங்க, தீபாவளி இப்பவே வந்துருச்சாட்ட இருக்குதுங்களே!" என்று சிரித்தார். யாரும் திரும்பவில்லை.

எதிர்வீட்டு அத்தை செருப்பில்லாமல் தெரு நடுவில் நின்று போனைக் காதில் அழுத்திக்கொண்டிருந்தாள். அவளுடைய மகள் அன்றும் வேனில் போயிருந்தாள். "ரிங்கு போகுது. எடுக்க மாட்டேங்கிறாளே. ஏ தாயே, எடுக்க மாட்டேங்கிறாளே!"

கம்பெனிக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள். வாசலில் வாங்கி வைத்துவிடுவார்கள். அது அத்தைக்கும் தெரியும். அந்த நேரத்தில் தெரிந்து என்ன?

வண்டியிலிருந்து குதித்து ஓடினேன். "அத்தே, கம்பெனி இல்லை. என் வண்டி. வண்டிச் சத்தம்!" இரண்டு முறை கத்திய பிறகுதான் அவள் கண் என் மேல் நின்றது.

"மொட்டை வண்டியா?"

"ஆமா அத்தே."

அவள் நம்பவில்லை. வேன் டிரைவரைக் கூப்பிட்டாள். எல்லோரும் அந்தப் போனைச் சுற்றி நின்றார்கள். "இங்கன ஒண்ணுமில்லம்மா. நான் கேட்டுலதான் நிக்கேன். எல்லாரும் வேலை பாக்காக" என்ற குரல் வந்ததும் அத்தை அப்படியே தெருவில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு என் புறங்கையில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். "ஏலே, எங்க உசுரை எடுக்கவா இதை இம்புட்டு நாளும் துடைச்சுத் துடைச்சு வச்சிருந்தே?"

யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பிலேயே யாரோ அழுதார்கள். கோயம்புத்தூர்க்காரர் முகம் வெளுத்துப்போய் மதிலை ஒட்டி நின்றார்.

மெக்கானிக் பானெட்டுக்குள் கையை விட்டுப் பார்த்தார். "இன்னொரு வாட்டி போட்டா ஓடிரும் அண்ணாச்சி." சற்றுத் தயங்கினார். "ஆனா திரும்ப வெடிக்காதுன்னு என்னால சொல்ல முடியாது."

மெயின் ரோடு கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருந்தது. நான் சாவியை உருவி, வாங்க வந்தவர் கையில் கொடுத்தேன். "லாரில கயிறு இருக்கும்ல? கட்டிக்கிடுங்க" என்றேன்.

"கயிறு எதுக்கு?" அத்தை சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். "எங்க வீட்டுக்காரரு மாப்பிள்ளை ஊர்வலம் இதுலதான வந்தாரு. அன்னைக்கும் நடுத்தெருவுல நின்னுபோச்சு. உங்கப்பாரு ஸ்டீரிங்கப் பிடிக்க, மாப்பிள்ளையே இறங்கித் தள்ளுனாரு. நீ ஏறி உக்காரு."

ஏறி உட்கார்ந்தேன். பின்னால் பத்துப் பதினைந்து கைகள் வண்டியைத் தள்ளின. இன்ஜின் சத்தம் இல்லாமல் வளையல்களும் மூச்சும் மட்டும் கேட்டன. காலடி ஓட்டை வழியே தெரு மெல்ல நகர்ந்துபோவது தெரிந்தது.

எந்த நாளையும் அன்றன்றே டைரியில் எழுதிவிடுபவன் நான். அந்த நாளை மறுநாள்தான் எழுத முடிந்தது.

அன்று மாலை வேன் திரும்பி வரும் நேரத்துக்கு, வழக்கமில்லாத வழக்கமாகத் தெருவே முக்கில் போய் நின்றது. எங்கள் வீட்டிலிருந்து யாரும் அதில் வர வேண்டியதில்லை. நானும் நின்றேன். அத்தையின் மகள் வெடிமருந்துக் கறை படிந்த கைகளோடு இறங்கியவள், கூட்டத்தைப் பார்த்துப் பதறினாள். "என்னம்மா, என்ன ஆச்சு?"

அத்தை அவள் தலைமுடியை ஒதுக்கிவிட்டாள். முகத்தைப் பார்த்தாள். இரண்டு கைகளையும் திருப்பிப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்ல. மொட்டை வண்டி போயிருச்சு. வா, சாப்பிட."