தாமோதரன் காலில் உடைந்த தகடு

துறைமுகத்தில் கன்டெய்னர்களைக் கப்பலோடு பிணைத்துக் கட்டும் வேலை தாமோதரனுக்கு. இருபத்திரண்டு வருடம் ஆளுயரக் கம்பிகளைத் தூக்கி மாட்டியவர். ஒருநாள் அதில் ஒன்று சரிந்து, வலது முழங்காலுக்குக் கீழே எலும்பை முறித்தது. அரசு மருத்துவமனையில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடு வைத்துத் திருகினார்கள்.

"சாதா இரும்ப வுட கெட்டியாம். துருவே புடிக்காதாம்" என்று திருவொற்றியூரில் தெருவுக்கே சொன்னார். அந்தத் தைரியத்தில் மூன்றாம் மாதமே வேலைக்குக் கிளம்பினார்.

"ஆறு மாசம் கால ஊனக்கூடாதுன்னாங்களேய்யா" என்றாள் மனைவி கோவிந்தம்மா.

"எடத்துக்கு வேற ஆள் வந்துட்டா, அப்புறம் வூட்லயே குந்திக்கினு கெடக்கணும்."

வலித்தது. மாத்திரை போட்டுப் பழகிக்கொண்டார்.

மறுவருடம் தண்டையார்பேட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது காலுக்குள் படக்கென்று ஏதோ முறிந்தது. ஆட்டோவில் தூக்கிப் போட்டு அதே மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். எக்ஸ்ரேயில் தகடு இரண்டாகியிருந்தது.

"கெட்டின்னீங்களே மேடம், நான் இன்னா கல்லையா ஒதச்சேன்?" என்று, தகடு வைத்த டாக்டர் பெர்சிஸிடம் கேட்டார்.

"அலுமினியம், பித்தளையைவிடக் கெட்டிதாங்க. ஆனா எந்தக் கம்பியையும் திரும்பத் திரும்ப வளைச்சா விட்டுப்போகுமில்ல? நீங்க வச்ச ஒவ்வொரு அடியும் அதைத் துளித்துளியா வளைச்சிருக்கு. எலும்பு கூடற வரைக்கும் தாங்கத்தான் தகடு. உங்களுக்கு எலும்பு கூடவே இல்லை."

"டைட்டானியம்னு ஒண்ணு கீதாமே?"

"அது லேசு. எலும்போட கொஞ்சம் வளைஞ்சும் கொடுக்கும். ஆனா இப்படி நடந்தா அதுவும் உடையும்."



இடுப்பிலிருந்து எலும்புத் துண்டு எடுத்து வைத்து, மறுபடியும் ஸ்டீல் தகடே பொருத்தினார்கள். இந்தத் தடவை காலை ஊன்றவேயில்லை. கோவிந்தம்மா ராயபுரத்தில் இறால் உரிக்கப் போனாள். சாயங்காலம் விரல்கள் வெளுத்து ஊறித் திரும்புவாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்துகொள்வாள். இருவரும் பேசிக்கொள்வது குறைந்துபோனது.

எட்டாம் மாதம் எலும்பு கூடிவிட்டதாகப் பெர்சிஸ் சொன்னார். நடக்கலாம், ஆனால் கப்பல் வேலை இனி வேண்டாம் என்றார். தாமோதரன் தலையாட்டினார். சந்தோஷப்படக்கூட உடம்பில் தெம்பில்லை.

"வாய்யா, பஸ் போய்டும்" என்றாள் கூட வந்திருந்த கோவிந்தம்மா.

"போனா போவட்டும்மே. செத்த குந்திட்டுப் போலாம்."

வராந்தா பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். கோவிந்தம்மா உட்கார்ந்தபடியே தூங்கிப்போனாள். அவர் அவளை எழுப்பவில்லை.